கடைசிக் காற்றுத் துளை

இந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு துளையைக் கண்டால் பொறுக்காது. உடனே சிமென்ட் குழைத்து அடைத்தாக வேண்டும். எவன் வைத்தான், எதற்கு வைத்தான் என்று கேட்பது கிடையாது. மோன்தெவிதேயோவின் பழைய வீடுகளில் தரைப் பலகைக்கு அடியில் ஆள் தவழ்கிற அளவுக்கு வெற்றிடம் உண்டு. அதற்குக் காற்றுப் போகத்தான் தெருச் சுவரின் காலடியில் கம்பி போட்ட துளைகள். வால்தெர் புது நடைபாதை போட்டபோது ஒன்று தவிர அத்தனையையும் பூசிவிட்டான். எலி வருகிறதாம்.

எவாரிஸ்தோ கிழவருக்கு அவனைப் பிடிக்காது. செத்துப்போன தங்கை எர்மினியாவின் மருமகன் அவன். ஆனால் அவன் மனைவி, எர்மினியாவின் மகள் நிதியா, பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். நாளைக்கு வீட்டுக்கு வருகிறாள். தொட்டில் போட இருப்பது எர்மினியா இழுப்பு வந்து செத்த அறை ஒன்றுதான். அந்த அறையின் தரைதான் கோணிக்கொண்டது. அதனால் கடப்பாரையோடு வந்தார்.

மதியம்தான், ஆனால் மழை இருட்டு. அறை முழுக்கப் பூஞ்சை நாற்றம். அதற்கும் அடியில், மூக்கு நம்ப மறுக்கிற இன்னொரு வாசனை, எர்மினியா படுக்கப்போகுமுன் மார்பில் தேய்த்துக்கொள்ளும் யூகலிப்டஸ் தைலம். மாத்தே டீ குடித்த காலிச் சுரைக்குடுவையைத் தரையில் வைத்தார். அது சுவர்ப்பக்கம் மெல்ல உருண்டது. சரி, சாய்மானம். சுவரோரம் நின்றது. பிறகு வந்த வழியே திரும்பி அவர் செருப்பில் முட்டியது.

"என்ன மாமா, குடுவைகூட உங்ககிட்ட கோவிச்சுக்குதா?" வால்தெர் சிரித்தான்.

"ஈரம்டா. பாரு, ஓரமெல்லாம் தூக்கி நடுவுல குழிஞ்சிருக்கு. பலகை கீழ நனைஞ்சா இப்படித்தான். துளைய அடைக்காதேன்னு எர்மினியா எவ்வளவு கெஞ்சினா!"

"அத்தைக்கு எதுக்குத்தான் மூச்சு முட்டல? எங்க கல்யாணத்தன்னிக்கே முட்டுச்சு."

கிழவர் சுவரோரம் மூன்று பலகைகளைப் பெயர்த்தார். புதுப் பலகை முற்றத்தில் தயாராக இருந்தது. திறந்த இடத்திலிருந்து வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. மண்ணுக்குள் ஏது வெதுவெதுப்பு? டார்ச் அடித்துப் பார்த்தார்.

தூரத்தில், தெருச் சுவரை ஒட்டி, ஈர மண்மேல் எர்மினியாவின் நீல இன்ஹேலர்.

அவள் செத்த அன்று வீட்டையே புரட்டித் தேடியது. பலகை இடுக்கில் ஊசிகூட இறங்காது. கட்டிலோரத்துத் துளை ஒன்றை மட்டும் அவள் கெஞ்சிக் கூத்தாடி விட்டுவைத்திருந்தாள். சவ வண்டி வந்தபோது அதன்மேலும் சிமென்ட். காயாத சிமென்ட். அன்றைக்குப் பார்த்தது கிழவருக்கு இப்போதுதான் உறைத்தது.

"இது எப்படிடா அங்க போச்சு?"

வால்தெர் முகம் வெளுத்தது. "விழுந்திருக்கும். நான் எடுத்துட்டு வரேன். அப்படியே உள்ளேருந்து துளையையும் உடைச்சிடறேன். வெளிய உடைச்சா நடைபாதைக் கல்லு போயிடும்."

சுத்தியலோடு இறங்கித் தவழ்ந்தான். கிழவர் தடுக்கவில்லை.

சுத்தியல் சத்தம் கேட்டது. சிமென்ட் உதிர்ந்தது. அப்போது காலடியில் தரை எழும்பியது. ஒரு பலகை அல்ல, அறை முழுவதும், கட்டிலும் அலமாரியும் சேர்ந்து, படுத்திருப்பவரின் நெஞ்சு விம்முவதுபோல.

"மாமா! மேல நடக்காதீங்க!"

"நான் நடக்கலடா."

தரை அப்படியே நின்றது. மூச்சை அடக்கியதுபோல.

பிறகு இறங்கியது.

மெதுவாக. மிக மெதுவாக. கீழே ஒரு அலறல். பாதியில் நின்றது. ஏதோ முறிந்தது. மரமில்லை.

கிழவர் கடப்பாரையோடு பாய்ந்தார். எங்கே நெம்புவது? பெயர்த்த இடத்தைக் காணோம். சுவர் முதல் சுவர் வரை தரை இறுகி, மட்டமாக, புத்தம் புதிதாக இருந்தது. பெயர்த்த மூன்று பலகைகளும் மூலையில் கிடந்தன. அறை நடுவில் குடுவை ஆடாமல் நின்றது.

தெருவுக்கு ஓடினார். கடைசித் துளை திறந்திருந்தது. குளிர் மழையில் கம்பிக்கு நடுவிலிருந்து வெண்புகை வந்தது. நின்றது. வந்தது. அதோடு ஒரு மெல்லிய விசில். இழுப்பு வந்தவர் மூச்சு. அதைக் கேட்டபடி ஒரு ஆயுள் முழுக்கத் தங்கை பக்கத்தில் உட்கார்ந்தவர் அவர்.

"மாமா... காத்து..." வால்தெரின் குரல். சிறு பிள்ளைபோல.

எதிர்வீட்டுக் கதவைத் தட்டலாம். கிழவர் கை உயர்ந்தது. இறங்கிவிட்டது.

குரல் ஓய்ந்தது. விசில் ஓயவில்லை.

கம்பி இடுக்கில் நீல இன்ஹேலர் தலை நீட்டியது. பின்னாலிருந்து எதுவோ நிதானமாகத் தள்ள, நடைபாதையில் விழுந்து அவர் செருப்பில் முட்டியது. அதைத் தாண்டிக் காலை வைத்தார். நிதியாவிடம் சொல்ல வேண்டும், பிள்ளையை இங்கே கொண்டுவர வேண்டாமென்று.

"ஈரம்," என்றார் யாரிடமோ. "நனைஞ்ச பலகை ஏறும், இறங்கும். வேற ஒண்ணுமில்ல."

ஆஸ்பத்திரி பஸ்ஸைப் பார்த்து நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால், ஆளில்லாத நடைபாதையில், இன்ஹேலரை யாரோ ஒருமுறை அழுத்துகிற சத்தம். ஆழமாக ஒரு மூச்சு, தடையில்லாமல் உள்ளே போனது.