சேனைத் தேன்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, பழுத்த குலைகளின் புளிப்பும் நனைந்த மண்ணின் வாசமும் தேங்கிக் கிடந்த திராட்சைப் பந்தலுக்கடியில் தலை குனிந்து நடந்துகொண்டிருந்த வேல்பாண்டி, பாதி காலியான தீப்பெட்டியை யாரோ குலுக்குவது போன்ற ஒரு சத்தம் மேற்கே மலையடிவாரத்திலிருந்து வருவதைக் கேட்டு நின்றார்.

குமுளிக்கும் தேனிக்கும் நடுவில் கத்துகிற எந்தப் பறவையையும் அவருக்குக் குரலை வைத்தே தெரியும். மின்வாரியத்தில் முப்பத்தொரு வருடம் கம்பம் கம்பமாக அலைந்த காலத்திலும் பையில் பைனாகுலர் இருந்தது. அவருடைய உள்ளூர்ப் பறவை நோட்டில் இருநூற்று எண்பத்தாறு பறவைகள் உண்டு. இந்தக் குரல் அதில் இல்லை.

"யாருண்ணே அது, தீப்பெட்டியக் குலுக்கிட்டே திரியுறது?" என்றாள் குலை வெட்டிக்கொண்டிருந்த மொக்கம்மாள். "பீடிக்கு நெருப்புக் கேட்டா மட்டும் ஒரு பயலும் குடுக்க மாட்டான்."

"குருவிதான் மொக்கம்மா."

"குருவியா? ஆப்பிரிக்கா வரைக்கும் போயி லட்சம் லட்சமாச் செலவழிச்சுப் பாத்துட்டு வந்தீகளே, இங்கன ஓசியிலயே கத்துது பாருங்க."

அவர் சிரிக்கவில்லை. அந்தக் குரலை அவர் கேட்டிருந்தது அங்கேதான்.

ஆகஸ்டில் மதுரை நண்பர்கள் மூவரோடு தான்சானியாவில் ஒரு தேசியப் பூங்காவுக்குப் போயிருந்தார். ஒன்பது நாள். மற்றவர்கள் சிங்கத்தையும் யானையையும் படம் பிடித்தார்கள்; அவர் பறவை எண்ணினார். எட்டாம் நாள் வழிகாட்டி அவர்களைப் பூங்கா எல்லைக்கு வெளியே இருந்த ஒரு கிராமத்துக்கு, தேனெடுக்கிறவர்களோடு போக அழைத்துச் சென்றார். அங்கேதான் தேன்காட்டியைப் பார்த்தார். மைனாவை விடச் சிறியது, மங்கிய நிறம், பறக்கையில் வாலோரத்தில் இரண்டு வெள்ளைக் கீற்று. அதற்குத் தேன்மெழுகு வேண்டும். தானாகக் கூட்டை உடைக்க முடியாது. ஆகவே மனிதனைத் தேடி வந்து கத்துகிறது, கொஞ்சம் முன்னால் பறந்து கிளையில் உட்காருகிறது, பின்னால் வருகிறானா என்று திரும்பிப் பார்க்கிறது, மறுபடி கத்துகிறது. அரை மணி நேரம் அதன் பின்னால் நடந்து ஒரு பெரிய ஆனைப்புளிய மரத்தை அடைந்தார்கள். தேனெடுக்கிறவர்கள் புகை போட்டார்கள், அடையை எடுத்தார்கள், வெள்ளைப் புழுக்கள் நெளிகிற ஒரு துண்டை இலையில் வைத்து அடிமரத்தில் விட்டார்கள். பறவையின் பங்கு.

வைக்காமல் போனால் என்ன ஆகும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். தேனெடுக்கிறவர்களில் மூத்தவர் சற்று யோசித்து, தங்கள் ஊரில் யாரும் வைக்காமல் போனதில்லை, அதனால் தனக்குத் தெரியாது என்றார்.

எல்லோரும் வண்டிக்குத் திரும்பியபோது வேல்பாண்டி படமெடுக்கிற சாக்கில் பின்தங்கினார். ஊரில் மகள் வேல்விழி நிறைமாதமாக இருந்தாள். பிறக்கிற பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பாகச் சேனை தொட்டு வைக்க அடையோடு தேன் கிடைத்தால் விசேஷம் என்று மனைவி உமாதேவி சொல்லி அனுப்பியிருந்தாள். தோட்டம் முழுக்கக் குருவிக்கு வலை கட்டி வைத்திருக்கிற மனிதர் அவர். குருவிக்கென்று ஒரு பழத்தை விட்டுப் பழகாத கை. இலையிலிருந்த துண்டு காலி ஊறுகாய் டப்பாவுக்குள் போனது.

செப்டம்பரில் ஓவியா பிறந்தாள். அவர்தான் அந்தத் தேனைத் தன் சுண்டுவிரலால் தொட்டு வைத்தார். பிள்ளை சப்புக்கொட்டியது. வார்டே சிரித்தது.

இப்போது பிள்ளைக்கு ஐந்து மாதம்.

புதன்கிழமை குரல் வாய்க்கால் கரையில் கேட்டது. வியாழன், பக்கத்துத் தென்னந்தோப்பில். வெள்ளி, பந்தலின் மேற்கு ஓரத்தில். பழக்கதோஷத்தால் ஒவ்வொரு முறையும் நேரத்தையும் திசையையும் நோட்டில் எழுதினார். வெள்ளி மாலை எழுதியதை மேலிருந்து கீழே வாசித்தபோது, நான்கு நாள் இடங்களும் ஒரே கோட்டில், ஸ்கேல் வைத்து இழுத்தது போல, தன் வீட்டை நோக்கி வந்திருப்பது தெரிந்தது.

சனிக்கிழமை காலை அதைக் கண்ணால் பார்த்தார். கொல்லையில் பிள்ளையின் துணிகள் காய்கிற கொடியில் உட்கார்ந்திருந்தது. வாலோரத்தில் வெள்ளைக் கீற்று. அவர் ஐந்தடி தள்ளி நின்றும் அவர் பக்கம் அது திரும்பவில்லை. தோட்டத்தைப் பார்த்துக் கத்தியது. காத்திருந்தது. மறுபடி தோட்டத்தையே பார்த்துக் கத்தியது.

அது தன்னைக் கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பின்னால் வருகிற வேறு எதையோ கூட்டிவருகிறது.

பந்தலைப் பார்த்தார். காற்றில்லை. மேற்கு ஓரத்தில் இலைகள் ஓர் ஆள் அகலத்துக்கு மட்டும் அசைந்தன. அடங்கின. கொஞ்சம் கிழக்கே அசைந்தன. கல்தூண் ஒன்று மெல்லச் சாய்ந்து, மெல்ல நிமிர்ந்தது.

"மொக்கம்மா! எல்லாரும் வெளிய வாங்க!"

குனிந்து உள்ளே பார்த்தார். வேலைக்கு வந்த ஆறு பெண்களும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மருந்தடித்த பழம் என்று ஒன்றைக்கூட வாயில் வைக்காத மொக்கம்மாள், பெட்டியில் அடுக்கிய குலையை எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். ஒரு குலை. அடுத்த குலை. தாடையில் சாறு வழிந்தது. துடைக்கவில்லை.

"மொக்கம்மா, என்ன இது?"

"பசிக்குதுண்ணே," என்றாள். அவரைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் புகை மூக்கில் ஏறியது. விறகுப் புகை இல்லை, குப்பைப் புகையும் இல்லை. பச்சை இலையை ஈரத்தோடு கொளுத்தியது போல, கசப்பாக, குளிர்ச்சியாக, தரையோடு தரையாக வந்தது. புகை பட்டால் தேனீக்கள் கொட்டாது என்று அந்த வழிகாட்டி சொல்லியிருந்தார். கூடு போகப்போகிறது என்று அவற்றுக்குத் தெரியுமாம். உடனே வயிறு முட்டத் தேனைக் குடிக்குமாம். அப்புறம் கை உள்ளே நுழைந்தாலும் சும்மா இருக்குமாம்.

ஓடினார். அறுபது வயதுக்கு அது ஓட்டம்தான். கார் சாவி சட்டைப்பையில் இருந்தது. பிள்ளையையும் வேல்விழியையும் ஏற்றிக்கொண்டு நேரே தேனி, அங்கிருந்து ஓசூரில் மருமகன் வீடு. இன்றே. இப்போதே.

ஓட்டுக்கூரை போட்ட நடுவீட்டில் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. உத்தரத்தில் கட்டிய நீலச் சேலை, பிள்ளையின் கனத்தில் நடுவே தொய்ந்திருந்தது. அதன் அருகில் உமாதேவியும் வேல்விழியும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. சோற்றுப் பானை இருவருக்கும் நடுவில் இருந்தது.

"வேல்விழி, பாப்பாவத் தூக்கு. கெளம்பணும்."

"சாப்பிட்டுப் போவம்ப்பா," என்றாள் மகள் வாய் நிறையச் சோற்றோடு.

"எந்திரி ஆத்தா! அது வந்துருச்சு!"

"என்னத்துக்கு இப்படிப் பறக்குறீக?" உமாதேவி ஒரு தட்டை அவர் பக்கம் தள்ளினாள். "உக்காருங்க. ஒரு வாய் சாப்பிட்டுப் பதறுங்க."

தொட்டிலை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். மூன்றாவது எட்டில் முழங்கால் தளர்ந்தது. வலி இல்லை. குளிர்ச்சியாக இருந்தது. புகை வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து பாயைப் போல விரிந்தது. இதயம் வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மோட்டார் சத்தத்தைக் கேட்பது போல அதைக் கேட்டார்.

உட்கார்ந்தார்.

தட்டில் சோறு இருந்தது. குழம்பு இருந்தது. கை தானாகப் பிசைந்தது.

வெளியே குரல் நின்றுவிட்டது. பறவை ஜன்னல் கம்பியில் வந்து உட்கார்ந்தது. இப்போது அது யாரையும் கூப்பிடவில்லை.

சாவி பையில்தான் இருக்கிறது. தொட்டில் நான்கடியில் இருக்கிறது. எழுந்திருக்க வேண்டும். எல்லாம் தெரிந்தது. ஒரு வாய் வைத்தார். ருசியாக இருந்தது. இன்னொரு வாய்.

மேலே ஓர் ஓடு நகர்ந்தது.

உடையவில்லை. அவசரமில்லாமல், பழகிய கையால் எடுத்து ஓரமாக வைத்தது போல நகர்ந்தது. இரண்டாவது ஓடு. மூன்றாவது. தொட்டிலின் மேல் வெயில் சதுரமாக விழுந்தது. பிறகு அந்தச் சதுரம் இருண்டது.

"குழம்பு ஊத்து," என்றார். உமாதேவி ஊற்றினாள்.

பிள்ளை விழித்துக்கொண்டது. அழவில்லை. தன்னை யாரோ கொஞ்சுவது போலச் சிரித்தது. ஙே, என்றது. சேலையின் பக்கவாட்டில் உள்ளிருந்து விரல்கள் அழுந்திய மேடுகள் தெரிந்தன. பட்டியல் போட்டே பழகிய மனிதர், எண்ணினார். ஐந்து. ஆறு. ஏழு. அதற்கு மேல் எண்ணத் தோன்றவில்லை.

சிரிப்பு நின்றது.

வேல்விழி பானையை வழித்தாள். கரண்டி பானையில் உரசியது. யாரும் நிமிரவில்லை. அவர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார், மென்றபடி.

நடுவே தொய்ந்திருந்த நீலச் சேலை, உள்ளே இருந்த கனம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போகப் போக, மெல்ல மெல்ல ஒடுங்கி, இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு, காற்றில்லாத அந்த அறையில் தட்டையாகத் தொங்கியது.