காட்டில் கண்ணாடி இல்லை

டெஸ்மண்டின் துப்பாக்கிமுனை மறுபடியும் லின்னியாவின் பக்கம் திரும்பியபோது, திருமதி நோவாக் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினார்.

பைன் மரங்களுக்கிடையே வரிசையாக நடந்துகொண்டிருந்த எல்லோரும் நின்றார்கள். அது சுட முடியாத பயிற்சித் துப்பாக்கிதான். உள்ளே இருந்த பாகங்களை எப்போதோ கழற்றிவிட்டிருந்தார்கள். ஆனால் திருமதி நோவாக்கின் வகுப்பில் எந்தத் துப்பாக்கியும் காலியான துப்பாக்கி அல்ல. எல்லாவற்றிலும் குண்டு இருப்பதாகவே நினைத்து நடக்க வேண்டும் என்பது அவருடைய முதல் விதி.

"டெஸ்மண்ட், உங்க துப்பாக்கி இப்ப யாரைக் காட்டுது?"

"லின்னியாவை, மேடம்."

"லின்னியா மானா?"

"இல்லைங்க, மேடம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டெஸ்மண்ட் சட்டென்று துப்பாக்கிமுனையைத் தரையை நோக்கித் தாழ்த்தினார். அவருடைய காதுகள் அவர் அணிந்திருந்த ஆரஞ்சுத் தொப்பியின் நிறத்துக்கு மாறின. லின்னியா தன் காலணியின் நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பயிற்சி நடையில் தவறு செய்தால் சொல்லித்தருவேன், இருவர் இருவராக நடக்க வேண்டிய மதியத் தேர்வில் யார் பக்கமாவது துப்பாக்கிமுனை திரும்பினால் அந்த இடத்திலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று திருமதி நோவாக் எல்லோருக்கும் பொதுவாக அறிவித்தார். சொன்னது பொதுவாகத்தான். பார்த்தது டெஸ்மண்டை.

மான் வேட்டைப் பருவம் தொடங்குவதற்கு முன் அந்த ஊரில் நடக்கும் கடைசிப் பாதுகாப்பு வகுப்பு அது. இங்கே தேறியவர்களுக்குச் சான்றிதழ் கிடைக்கும். சான்றிதழ் இருந்தால்தான் மாநில வேட்டை உரிமம் வாங்க முடியும். இன்று தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான்.

லின்னியா ஏற்கெனவே போதுமான அளவுக்குக் காத்திருந்தாள். பன்னிரண்டு வயதானதும் உன்னை மான் வேட்டைக்கு அழைத்துப்போவேன் என்று அவளுடைய அப்பா சொல்லியிருந்தார். அவர் வடக்கு டகோட்டாவின் எண்ணெய்க் கிணறுகளில் வேலைக்குப் போனவர். போனவர் அங்கேயே தங்கிவிட்டார். ஆகஸ்டில் லின்னியாவுக்குப் பன்னிரண்டு வயது ஆனது. செப்டம்பரில் அவர் தொலைபேசியில் அழைத்து, இந்தப் பருவத்துக்கு வர முடியாது என்றார்.

அன்று இரவு உணவின்போது டெஸ்மண்ட், பாலாடைக்கட்டி போட்ட மக்ரோனியைக் கரண்டியால் கிளறியபடி, தானும் அந்த வகுப்பில் சேரலாமா என்று கேட்டார். அவர் லின்னியாவின் அம்மாவைத் திருமணம் செய்துகொண்டு ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. மில்வாக்கி நகரத்தில் பேருந்து ஓட்டியவர். இப்போது இந்த ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். துப்பாக்கியைப் படத்தில்தான் பார்த்திருந்தார். அம்மா அவரை ஒருமுறை பார்த்தாள், லின்னியாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு, காட்டுக்கு யார் கூட்டிக்கொண்டு போனாலும் அவர் கையிலும் உரிமம் இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

லின்னியாவுக்கு டெஸ்மண்டைப் பிடிக்காது என்று சொல்ல முடியாது. அவருடன் என்ன பேசுவது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. பள்ளி எப்படி இருந்தது என்று அவர் கேட்டால் "இருந்துச்சு" என்பாள். சாப்பிட்டாயா என்றால் "ம்" என்பாள். பேருந்தில் கடைசி வரிசையில்தான் உட்காருவாள்.

மதியம், வகுப்பை நடத்தும் வேட்டைக்காரர் சங்கத்தின் கட்டடத்தில் எல்லோருக்கும் கிண்ணம் நிறையச் சுடச்சுடச் சில்லி என்ற காரமான பீன்ஸ் குழம்பு கொடுத்தார்கள். லின்னியாவின் வகுப்பில் படிக்கும் எம்மெட் தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவள் எதிரில் வந்து உட்கார்ந்தான். அவனுடைய அப்பா சிறுவயதிலிருந்தே வேட்டையாடுபவர். இன்று மகனுக்குத் துணையாக வந்திருந்தார்.

"எங்கப்பா உன்னையும் சேத்துக்கறேன்னு சொன்னாரு," என்றான் எம்மெட். "தேர்வுல அவரோட நட. பருவம் ஆரம்பிச்சதும் எங்களோடயே காட்டுக்கு வா. உங்கம்மாகிட்டயும் அவரே பேசுவாராம். அந்த பஸ் டிரைவரை விட்டுடு. அவரு மானைத் தவிர எல்லாரையும் சுட்டுடுவாரு."

லின்னியாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. எம்மெட்டின் அப்பா அந்தப் பக்க மேசையிலிருந்து அவளைப் பார்த்துத் தலையசைத்தார். நல்ல மனிதர். அவருடன் நடந்தால் நிச்சயம் தேறிவிடலாம். யோசித்துச் சொல்கிறேன் என்றாள் அவள்.

டெஸ்மண்ட் வெளியே படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து ஒரு மரக்குச்சியைத் துப்பாக்கிபோலப் பிடித்துக்கொண்டு பழகிக்கொண்டிருந்தார். குச்சியின் முனையை மேலே தூக்கினார், கீழே தாழ்த்தினார். லின்னியா வருவதைப் பார்த்ததும் குச்சியைக் கீழே போட்டார்.

"எம்மெட்டோட அப்பா எங்கிட்டயும் பேசினாரு," என்றார். "நல்ல யோசனை, லின்னி. நீ அவங்களோட போ. நான் கார்ல இருக்கேன். உனக்குச் சான்றிதழ் கிடைக்கணும், அதுதான் முக்கியம்."

அவர் வருத்தத்தைக் காட்டாமல்தான் சொன்னார். ஆனால் கீழே போட்ட குச்சியைக் காலால் உருட்டிக்கொண்டே இருந்தார்.

லின்னியா அவருக்குக் கீழே இருந்த படியில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து கேட்க நினைத்ததைக் கேட்டாள்.

"ஏன் திரும்பித் திரும்பி என்னைப் பாக்குறீங்க? நீங்க திரும்புறப்பதான் துப்பாக்கியும் சேர்ந்து திரும்புது."

டெஸ்மண்ட் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"நீ இருக்கியான்னு பாக்கத்தான். வேணும்னு செய்யல. பத்து வருஷமா பஸ் ஓட்டுறேன் இல்லையா, பின்னாடி இருக்கிறவங்க பத்திரமா இருக்காங்களான்னு பாத்துக்கிட்டே இருப்பேன். பஸ்ல தலைக்கு மேல கண்ணாடி இருக்கு. காட்டுல கண்ணாடி இல்லையே."

லின்னியாவுக்குப் பேருந்தின் கண்ணாடி நினைவுக்கு வந்தது. அதில் தெரியும் அந்தக் கண்கள் ஏன் அடிக்கடி கடைசி வரிசைக்கே வருகின்றன என்று அவள் எரிச்சலடைந்திருக்கிறாள். தான் ஏதோ குறும்பு செய்வதாக அவர் சந்தேகப்படுகிறார் என்றே நினைத்திருந்தாள்.

அவள் எழுந்து நின்றாள்.

"நான் எங்க இருக்கேன்னு உங்களுக்குத் தெரிஞ்சா திரும்ப மாட்டீங்களா?"

"எதுக்குத் திரும்பணும்?"

"அப்போ நான் பேசிக்கிட்டே வரேன். குரல் எங்கேருந்து வருதோ அங்கதான் நான் இருப்பேன்."

டெஸ்மண்ட் அவளை வியப்பாகப் பார்த்தார். "பாதை முழுக்கவா? நீயா பேசப்போற?"

"பேசிக்கிறேன்," என்றாள் லின்னியா, கொஞ்சம் கோபமாக.

எம்மெட்டிடம் போய், உன் அப்பாவுக்கு நன்றி சொல், நான் எங்கள் வீட்டு ஆளோடேயே நடக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். எம்மெட் தோளைக் குலுக்கினான்.

தேர்வுப் பாதை காட்டுக்குள் வளைந்து சென்றது. திருமதி நோவாக் கையில் பென்சிலுடன் பின்னால் நடந்துவந்தார். முறை முடிந்தவர்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். எம்மெட் ஏற்கெனவே தேறிவிட்டான்.

"நான் உங்க இடது பக்கம் இருக்கேன்," என்று தொடங்கினாள் லின்னியா. "கை நீட்டினா தொடுற தூரத்தைவிடக் கொஞ்சம் தள்ளி."

டெஸ்மண்ட் தலையசைத்தார். துப்பாக்கிமுனை நேராக முன்னால் இருந்தது.

"இப்பவும் இடது பக்கம்தான்."

சில அடிகள் நடந்தார்கள்.

"இப்பவும்தான்."

இப்படியே போனால் பாதை முடிவதற்குள் வார்த்தை தீர்ந்துவிடும் என்று அவளுக்குப் புரிந்தது. வேறு வழியில்லாமல் தன் ஆட்டின் கதையைத் தொடங்கினாள். சென்ற ஆண்டு மாவட்டக் கண்காட்சியில் அவளுடைய ஆட்டுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. நடுவர் குனிந்து அதன் கழுத்தில் ரிப்பனைக் கட்டப்போனார். ஆடு ரிப்பனைத் தின்றுவிட்டது. பிறகு முதல் பரிசு வாங்கிய பக்கத்து ஆட்டின் ரிப்பனையும் தின்றது. நடுவரின் கழுத்துப்பட்டையைக் கவ்வியபோதுதான் ஓடிவந்து பிடித்தார்கள்.

டெஸ்மண்டின் தோள்கள் சிரிப்பில் குலுங்கின. துப்பாக்கிமுனை மட்டும் அசையவில்லை.

"அது தேர்வா, ரேடியோ நிகழ்ச்சியா?" என்று ஓரத்திலிருந்து எம்மெட்டின் குரல் கேட்டது.

முள்கம்பி வேலி வந்தது. விதிப்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகளையும் வைத்துக்கொள்ள, மற்றவர் கடக்க வேண்டும். லின்னியா தன் துப்பாக்கியைத் திறந்து காலி என்று காட்டி, டெஸ்மண்டிடம் கொடுத்துவிட்டு வேலியைத் தாண்டினாள். மறுபக்கம் நின்று கையை நீட்டினாள். வாங்குபவர் உறுதியாகப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்ன பிறகுதான் கொடுப்பவர் கையை விடலாம். காலையில் அந்த ஒரு சொல்லை அவள் வாய்க்குள்ளேயே முணுமுணுத்ததால் டெஸ்மண்ட் கையை விடாமல் காத்திருக்க, எல்லோரும் சிரித்திருந்தார்கள். இப்போது ஆட்டுக் கதையின் நடுவில் "நன்றி" என்று தெளிவாகச் சொல்லி இரண்டையும் வாங்கிக்கொண்டு, அவர் தாண்டி வந்ததும் அவருடையதைத் திருப்பிக் கொடுத்து, கதையைத் தொடர்ந்தாள்.

வேலிக்கு அப்பால் பாதை குறுகியது. ஆட்டின் கதை முடிந்துவிட்டது. காலடியில் உலர்ந்த இலைகள் நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த அமைதியில் டெஸ்மண்டின் கழுத்து லேசாகத் திரும்பத் தொடங்குவதை லின்னியா கண்டாள். ஏதாவது சொல்ல வேண்டும். மனதில் முதலில் வந்ததைச் சொன்னாள்.

"அப்பா வரேன்னு சொன்னாரு. எனக்குன்னு ஒரு ஆரஞ்சுத் தொப்பிகூட வாங்கி வச்சிருக்கேன்னு சொன்னாரு. வரலை."

இதைச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்திருக்கவே இல்லை. அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. குரல் கடைசியில் உடைந்துவிட்டது.

டெஸ்மண்டின் நடை ஒரு கணம் தடுமாறியது. துப்பாக்கியைப் பிடித்த விரல்கள் வெளுத்தன. திரும்பி அவளைப் பார்க்க வேண்டும் என்று அவருடைய உடம்பு முழுவதும் துடித்தது. பின்னால் திருமதி நோவாக் பென்சிலை உயர்த்தினார்.

டெஸ்மண்ட் திரும்பவில்லை. முன்னால் இருந்த மரத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"கேக்குறேன், லின்னி. இடது பக்கம் இருக்க. நான் கேட்டுட்டேதான் இருக்கேன்."

லின்னியா மூக்கை உறிஞ்சினாள். "ம்," என்றாள். அது எப்போதும் சொல்லும் "ம்" அல்ல.

பாதையின் முடிவில் புதருக்குப் பின்னால் மரப்பலகையில் வெட்டிய மான் ஒன்று நின்றது. சுடலாமா, கூடாதா என்று திருமதி நோவாக் கேட்டார். மானின் முதுகுக்கு மேல், தூரத்தில், ஒரு சிறு ஆரஞ்சுத் துணி தெரிந்தது.

"கூடாது," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். அது வேட்டைக்காரர்கள் அணியும் நிறம், பின்னால் ஓர் ஆள் இருக்கலாம் என்று லின்னியா விளக்கினாள்.

திருமதி நோவாக் தன் தாளில் எதையோ எழுதினார். தேறிவிட்டீர்கள் என்று அவர் சாதாரணமாகச் சொன்னதால், அது புரிவதற்கு இருவருக்கும் கொஞ்ச நேரம் ஆனது. எம்மெட் மட்டும் கேட்டான், இப்படிப் பேசிக்கொண்டே போனால் மானெல்லாம் ஓடிவிடாதா என்று.

"ஓடும்," என்றார் திருமதி நோவாக். "ஓடினா நாளைக்கு வரும். ஆளைச் சுட்டுட்டா நாளைக்கு என்ன செய்வ?"

ஊருக்குள் திரும்பும் வழியில் இரும்புச் சாமான் கடையில் நிறுத்தினார்கள். ஆணி, சுத்தியல், பனிமண்வெட்டி எல்லாம் விற்கும் அந்தக் கடையில்தான் வேட்டை உரிமமும் கொடுப்பார்கள். கடைக்காரர் இருவருடைய சான்றிதழையும் வாங்கிப் பார்த்துவிட்டு, கணினியில் ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார். உரிமத்தில் அடையாளம் எழுதுவதற்காகப் பெயர் கேட்டார், உயரம் கேட்டார்.

"பொண்ணுக்குக் கண் என்ன நிறம்?"

டெஸ்மண்ட் அப்போது முதுகைக் காட்டிக்கொண்டு, அலமாரியில் கம்பளிக் காலுறைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்.

"சாம்பல். வெயில்ல நின்னா கொஞ்சம் நீலமாத் தெரியும்."

கடைக்காரர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக லின்னியாவை உற்றுப் பார்த்தார். சரிதான் என்று தட்டிக்கொண்டார். பிறகு டெஸ்மண்டின் முறை வந்தது.

"உங்களுக்கு?"

டெஸ்மண்ட் பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

"இருங்க," என்றாள் லின்னியா.

அவள் அவருக்கு நேர் எதிரே வந்து, குதிகாலை உயர்த்தி, அவருடைய முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். டெஸ்மண்ட் கையில் காலுறையுடன், இமைகூடக் கொட்டாமல் நின்றார். அவள் அவசரப்படவில்லை.

"பழுப்பு. இடது கண்ணுல மட்டும் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி."

"புள்ளியெல்லாம் போட இதுல இடம் இல்லம்மா," என்றார் கடைக்காரர்.

"பரவால்ல," என்றாள் லின்னியா. "அதை நான் ஞாபகம் வச்சுக்கறேன்."