கடைசி மேஜையில் பூஜ்யம்

வெளிச்சத்தை அளக்கிற மீட்டரை நான் சாம்பாரில் போட்டேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரப்பர் வளையம் செய்யும் கம்பெனி அது. ஆய்வுக்குப் போனவன் வேலையை முடித்துவிட்டுச் சாப்பிட்டிருக்கலாம். கேன்டீன் ஆட்களிடம் கெத்து காட்ட, அண்டாவுக்கு மேலே மீட்டரை நீட்டி, "பாருங்க, எண் ஏறுது" என்றேன். ஏறியது எண், இறங்கியது மீட்டர். முருங்கைக்காய்களாவது மிதந்தன.

போகட்டும், போனில் ஆப் இருக்கிறதே. திரைக்கு மேலே இருக்கும் சின்னக் கண், விழுகிற வெளிச்சத்தை எண்ணாகக் காட்டிவிடும்.

பரிசோதனைக் கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. டியூப் லைட்டுகளின் ரீங்காரம், வெந்த ரப்பரின் வாடை. பெண்கள் குனிந்து வளையங்களில் வெடிப்பு தேடிக்கொண்டிருந்தார்கள். கடைசி மேஜையில் சாராள். வெடித்த வளையங்கள் அவர் கையைத் தாண்டிப் போய்விடுகின்றன. கண் அவுட், வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்பது சூப்பர்வைசர் சந்திரமோகனின் கட்சி. வெளிச்சம் போதவில்லை என்பது சாராளின் கட்சி. தீர்ப்பு சொல்ல வந்த நீதிபதி, சட்டையில் சாம்பாரோடு நான்.

"உங்களத்தான் சார் நம்பிகினு கீறேன்" என்றார் சாராள், மெதுவாக. "பொண்ணு படிச்சிகினு கீறா."

மற்ற மேஜைகளில் எண் நன்றாகவே இருந்தது. கடைசி மேஜையில் போனை வைத்தேன்.

எண் இறங்கியது.

என் தொப்பையின் நிழல் என்று நினைத்துப் பின்னால் நகர்ந்தேன். இன்னும் இறங்கியது. நிதானமாக, யாரோ தலையைத் தாழ்த்துவது போல.

மேலே பார்த்தேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

பூஜ்யம்.

தலைவலித் தைலத்தின் வாசனை குப்பென்று வந்தது. போனை எடுக்கக் கை நீட்டினேன். திரைக் கண்ணாடியில் வட்டமாக ஆவி படிந்து, மெல்ல மறைந்து, மறுபடி படிந்தது.

மூச்சு.

"இங்க முன்னாடி யாரு உக்காந்திருந்தாங்க?" என்று கேட்டேன்.

"எத்தினியோ பேரு சார்" என்றார் சந்திரமோகன். "டீ சொல்லட்டா?"

பக்கத்து மேஜைப் பெண்ணைப் பார்த்தேன். அவர் இன்னும் கீழே குனிந்துகொண்டார்.

சந்திரமோகனிடம் திரும்பினேன். "பூஜ்யம் காட்டுது. அக்கா கண்ணுல கோளாறு இல்ல. நான் எழுதிடறேன்."

"போன் ஆப்பு செல்லாது சார். போனுக்குப் போன் வேற வேற காட்டும். மீட்டர்ல காட்டுங்க."

"மீட்டர் வந்து..."

"சாம்பார்ல கீது. நாங்க அதத்தான் துன்னோம்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் சொன்னது சரி. அந்த விதியைக் கம்பெனி கம்பெனியாகப் போய்ச் சொல்லிக்கொடுப்பவனே நான்தான். வேறு மீட்டர் வரும்வரை பொறுங்கள் என்று கெஞ்சினேன். சந்திரமோகன் கேட்கவில்லை. சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொள்ளும்படி சாராளிடம் சொல்லிவிட்டார்.

கேட்டுக்கு வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். சாராள் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்.

"மன்னிச்சிடுங்கக்கா."

"வுடுங்க சார். நீங்க வேணும்னா போட்டீங்க?"

அந்தக் கருணைக்கு, திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"அங்க யாருக்கா இருக்கறது? நீங்களாவது சொல்லுங்க."

"மெர்சி. எனக்கு முன்னாடி அந்த சீட்டுல அவதான். வெளிச்சம் பத்தல, அளந்து பாருங்கன்னு கேட்டுகினே இருந்தா. தைலத்தப் பூசிகினு வேல செய்வா. ஒருத்தனும் அளக்கல. கண்ணு மங்கிப்போய், புதுவாயல் ரோட்டுல வந்த லாரி தெரியாம பூட்டா."

"அதான் அந்த மேஜைய விட்டுப் போகலையா?"

சாராள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே பார்த்தார்.

கையில் போன் இருந்தது. ஆப்பை மூட மறந்திருந்தேன். அந்த வெயிலில், எண் இறங்கிக்கொண்டிருந்தது.

தைல வாசனை.

"மேஜையாண்ட இல்ல சார் இப்ப" என்றார் சாராள். "நீங்கதான மொதமொதல்ல அளந்தீங்க. எவ்ளோ காட்டுதுன்னு பாக்க, உங்க போனு மேல குனிஞ்சிகினு கீறா."