முள் இறங்கவில்லை

பெட்ரோல் முள் பொய் சொல்கிறது என்று வரும் வண்டிகளைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஒரு சின்ன ஒயர் கோளாறுக்கு ஓனர்கள் பண்ணும் அலம்பல் தாங்க முடியாது. அதிலும் மோகன்ராஜ் அண்ணனின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் என்னை இரண்டாம் முறையாக அலைய வைத்தபோது எரிச்சல் தலைக்கு ஏறியிருந்தது.

ரெண்டே சீட், துணிக் கூரை, கிட்டத்தட்ட என் வயசு வண்டி. நல்லூரில் என் பட்டறைக்கு வந்தபோது முள் ஒழுங்காகத்தான் இருந்தது. பெட்ரோல் ஊற்றினால் ஏறியது, எடுத்தால் இறங்கியது. கோளாறு ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினேன். மறுவாரமே போனில் கத்தினார்.

“ஏனப்பா சுரேந்தரு, என்னத்தப் பார்த்த நீ? ஷெட்டுல நிக்கறப்ப ஃபுல்லுன்னு காட்டுது. அத நம்பி எடுத்துட்டுப் போனா அவிநாசிபாளையத்துல நடுரோட்ல நின்னுபோச்சு. டேங்க்ல ஒரு சொட்டு இல்ல. சனம் பூரா வேடிக்கை பாக்குது!”

பொங்கலூர் பக்கம் அவருடைய சாயப்பட்டறை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை லீவு, மெஷின் சத்தம் இருக்காது என்பதால் அன்றைக்கே கிளம்பிப் போனேன்.

கேட்டுக்கு வெளியே முத்துப்பேச்சி நின்றிருந்தாள். என் பட்டறைக்குப் பக்கத்து பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள், தூத்துக்குடிப் பக்கம். அவள் புருஷன் சுடலை இந்தச் சாயப்பட்டறையில்தான் வேலை பார்த்தான். போன ஆடியில் ஒருநாள் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. எவளையோ இழுத்துக்கொண்டு கேரளாவுக்கு ஓடிவிட்டான், கூட வேலை செய்த ஹிந்திக்காரனும் சேர்ந்து போய்விட்டான் என்று மோகன்ராஜ் சொன்னதை எல்லாரும் நம்பினார்கள். அவள் சொந்த ஊர்வரைக்கும் அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் வந்து இந்த கேட்டில் நிற்கிறாள்.

“உள்ள போறியளா அண்ணாச்சி? மொதலாளிகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. ஓடிப்போற மனுசன் வீட்டுச் சாவிய அரைஞாண்கயித்துல முடிஞ்சுக்கிட்டா போவாரு? அன்னைக்கு நான் பூட்ட ஒடச்சுத்தான் வீட்டுக்குள்ள போனேன். இந்தத் தாலிய நான் போட்டுக்கிடவா, கழட்டவா? அதையாவது சொல்லச் சொல்லுங்க.”

அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கார் ஷெட் சாயப்பட்டறைக்குப் பின்னால், தனியாக இருந்தது. தகரக் கூரை, ஜன்னல் கிடையாது. வெளியே வெயில் கொளுத்தியது, உள்ளே கால் வைத்ததும் சில்லென்று இருந்தது. தரை மட்டும் புது சிமெண்ட்.

“முந்தி சாயக் கழிவு டேங்க் இருந்த எடம். மண்ணு கொட்டி மூடியாச்சு” என்றார் மோகன்ராஜ், நான் கேட்காமலேயே.

சாவியைப் போட்டேன். இந்தக் காலத்து வண்டிகளைப் போல முள் சட்டென்று எழும்பாது. மெதுவாக ஊர்ந்து ஏறும். ஏறியது. பாதி, முக்கால், கடைசிக் கோடு. அங்கே போய் லேசாக நடுங்கிக்கொண்டு நின்றது.

ட்யூப் போட்டு டேங்கிலிருந்த பெட்ரோல் முழுவதையும் கேனில் இறக்கினேன். டேங்கைத் தட்டினால் வெறும் தகரச் சத்தம். முள் அசையவில்லை. சரி, ஒயரில் எங்கோ கோளாறு என்று டிக்கியைத் திறந்து, டேங்க் மிதவையிலிருந்து வரும் ஒயரைக் கழற்றினேன். அதைக் கழற்றினால் முள் காலிக்கு விழுந்தே ஆக வேண்டும். இந்த மாடலில் அப்படித்தான்.

முன்னால் வந்து பார்த்தேன்.

ஃபுல்.

“என்னடா வண்டி இது!” என்று வாய்விட்டே திட்டினேன். மறுபடி டிக்கிக்குப் போய் திருகுகளைக் கழற்றி மிதவையையே வெளியே எடுத்தேன். என் கையெல்லாம் ஈரம். பெட்ரோல் இல்லை. கருநீலத் தண்ணீர், விரலிடுக்கில் வழவழவென்று வழிந்தது. அழுகின முட்டை நாற்றம் மூக்கில் ஏறியது. மூடிக்கிடக்கும் சாயக் கழிவைத் திறந்தால் வருமே, அதே நாற்றம்.

காலி டேங்கில் இது எங்கிருந்து வந்தது? கழிவுத் துணியில் கையைத் துடைத்தேன். ஆனாலும் பழக்கதோஷம் விடுமா? முள் சிக்கிக்கொண்டால் கண்ணாடியை விரலால் சுண்டுவோம். போய் உட்கார்ந்து சுண்டினேன்.

டக்.

கீழேயிருந்து பதில் வந்தது.

டக் டக்... டக்.

காரிலிருந்து இல்லை. காருக்கு அடியில், சிமெண்டுக்கும் அடியில்.

மோகன்ராஜைப் பார்த்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

“எலி” என்றார் கிசுகிசுப்பாக. “எலியாத்தான் இருக்கும். நீ கெளம்பு சுரேந்தரு, வண்டிய அப்புறம் பாத்துக்கலாம்.”

“மண்ணு கொட்டி மூடுன எடத்துல எலி எப்படிங்ணா தட்டும்?”

எனக்குப் பயம் போய் ஆத்திரம் பொங்கியது. நேரே கேட்டுக்கு நடந்து, வாட்ச்மேன் தடுக்கத் தடுக்க முத்துப்பேச்சியைக் கூட்டி வந்தேன். அவள் ஷெட்டுக்குள் வந்ததும் அந்தச் சத்தம் மறுபடி கேட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து உள்ளங்கையை சிமெண்டில் வைத்தாள்.

“எங்க வீட்டுக்காரரு” என்றாள். “கழிவு டேங்க சுத்தம் பண்ண எறங்குறவுக உள்ளேருந்து தட்டுவாக. மேல நிக்கிறவுக பதிலுக்குத் தட்டணும். உள்ள இருக்கவுக உசுரோட இருக்காகன்னு அப்பத்தான் தெரியும். ரெண்டு சேத்து, ஒண்ணு தள்ளி. ராத்திரி வீட்டுக் கதவையும் இப்பிடித்தான் தட்டுவாரு.”

மோகன்ராஜ் அவள் கையைப் பிடித்து இழுக்க வந்தார்.

“அவ மேல கைய வெச்சீங்கன்னா நடக்கறதே வேற” என்று குறுக்கே நின்றேன். அண்ணன் என்கிற மரியாதையெல்லாம் அத்தோடு சரி.

மூலையில் கிடந்த கடப்பாரையை முத்துப்பேச்சி எடுத்தாள். காரை ஒட்டி, பின்பக்கம் சத்தம் வந்த இடத்தில் ஓங்கி இறக்கினாள். ஒவ்வொரு குத்துக்கும் ஒரு கேள்வி. “கேரளாவுக்கா ஓடினாரு? எவகூட ஓடினாரு? சொல்லுடா, எவகூட ஓடினாரு?” சிமெண்ட் விரிந்து, அடியில் இருந்த பழைய மூடி உடைந்தது. குப்பென்று வந்த நாற்றத்தில் நாங்கள் வெளியே ஓடிவந்தோம். உள்ளே ஒரு பிடி மண்கூடக் கொட்டியிருக்கவில்லை.

நான் போன் போட்டதும் போலீஸ் வந்தது, ஃபயர் சர்வீஸ் வந்தது. கயிறு கட்டி, முகமூடி போட்டு இறங்கியவர்கள் சேற்றிலிருந்து ஒரு உடலைத் தூக்கினார்கள். முகம் தெரியவில்லை. அரைஞாண்கயிற்றில் ஒரு சாவி இருந்தது.

“மயங்கி விழுந்துட்டானுங்க சார்” என்றார் மோகன்ராஜ், எஸ்.ஐ. முன்னால் கையைக் கட்டிக்கொண்டு. “வெளிய தெரிஞ்சா கம்பெனிக்கு சீல் வெச்சுருவாங்கன்னு பயந்துட்டேனுங்க.”

பயந்தாராம். ஒருத்தனைக் குழியில் போட்டு மூடி, அதன்மேல் சிவப்புக் காரை நிறுத்தி, அவன் பெண்டாட்டியை ஊர் சிரிக்க விட்டவர் பயந்தாராம்! எஸ்.ஐ. இல்லாவிட்டால் அந்த ஆளை அங்கேயே அறைந்திருப்பேன்.

“மேல யாரு நின்னது?” என்று எஸ்.ஐ. கேட்டார். மோகன்ராஜ் தலையைக் குனிந்துகொண்டார். அவரை ஜீப்பில் ஏற்றினார்கள்.

முத்துப்பேச்சி கையில் அந்தச் சாவியைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். அவள் தாலியை ஒரு முறை தொட்டுப் பார்த்தாள். அப்போதுதான் அழுதாள். ஓடிப்போனவன் பெண்டாட்டி இல்லை அவள். இனி யாரும் அப்படிச் சொல்ல முடியாது. ஃபயர் சர்வீஸ்காரர்கள் கயிற்றைச் சுருட்டினார்கள். மீதிச் சேறு அப்படியே கிடக்கட்டும், ஆள் கிடைத்துவிட்டது என்று பலகை கொண்டுவந்து குழியை மூடப் போனார்கள்.

நான் காரின் சாவியை எடுக்கக் குனிந்தேன்.

முள் இறங்கிக்கொண்டிருந்தது.

ஏறின மாதிரியே மெதுவாக இறங்கியது. கடைசிக் கோட்டை விட்டது, முக்காலைத் தாண்டியது. போய் வாய்யா சுடலை, போதும் நீ பட்டது என்று மனசுக்குள் சொன்னேன்.

பாதியில் நின்றது.

கழற்றிய ஒயர் டிக்கியில் அப்படியே தொங்கியது. சாவியைத் திருப்பி உருவினேன். முள் பாதியிலேயே நின்றது. கண்ணாடியைச் சுண்டினேன். அசையவில்லை.

குழிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. ரெண்டு சேர்த்து ஒன்று தள்ளி இல்லை. விடாமல், அவசர அவசரமாக, இரண்டு கையாலும் அடிக்கிற மாதிரி.

பலகை தூக்கி வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

“இது அவரு தட்டு இல்ல அண்ணாச்சி” என்றாள் முத்துப்பேச்சி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “மேல நின்னவரு தட்டு. கீழேருந்து சத்தம் வரலன்னு இவரத் தூக்க எறங்கியிருக்காரு.”

சுடலையோடு ஓடிப்போனதாகச் சொன்ன அந்த ஹிந்திக்காரனின் பெயர் அங்கே இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. சுடலை அவனை ஹிந்தியில் பாய் என்று கூப்பிடுவான், அவ்வளவுதான். அவனைக் கேட்டு எந்த ஞாயிற்றுக்கிழமையும் அந்த கேட்டில் யாரும் நின்றதில்லை.

முத்துப்பேச்சி குழி ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். கையிலிருந்த வீட்டுச் சாவியால், உடைந்த சிமெண்டில் பதிலுக்குத் தட்டினாள்.

உள்ளே சத்தம் ஒரு நொடி நின்று, மறுபடி வந்தது.