கம்பளிக்குள் பனிக்கட்டி

நாலைந்து நாளாக மாமியார் அவளோடு பேசவில்லை. அன்று காலையும் அவள் நீட்டிய காபியை வாங்காமல், தானே அடுப்பைப் பற்ற வைத்துத் தனியாகக் கலந்து குடித்தார். சத்தம் போட்டுச் சண்டை பிடித்தால்கூடத் தேவலை என்றிருந்தது மருமகளுக்கு.

அவள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பகலில் பாடம் நடத்திவிட்டு, மாலையில் அறிவியல் கற்பித்தலில் மேற்படிப்பு படிக்கிறாள். இனி ஆய்வு ஒன்றுதான் பாக்கி. சூட்டையும் குளிரையும் மனிதர்கள் எப்படிப் புரிந்து வைத்திருக்கிறார்கள் என்று பலரிடம் கேட்டு, பதிலைக் குரலோடு பதிவு செய்ய வேண்டும். கேட்பவர் சரி, தப்பு என்று வாயைத் திறக்கக் கூடாது. தலையாட்டி, "அப்புறம்?" என்று மட்டும் கேட்கலாம்.

இரண்டு பனிக்கட்டிகளில் ஒன்றைக் கம்பளியில் சுற்றி வைத்தால் எது முதலில் உருகும் என்று மாமியாரைக் கேட்டிருந்தாள். கம்பளிக்குள் இருப்பதுதான் என்றார் அவர். "அப்புறம் அத்தை?" என்று கேட்கக் கேட்க, முகம் மலர்ந்து அரைமணி நேரம் விளக்கினார்.

அந்தப் பதிவை வகுப்பில் போட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். கூடப் படிக்கும் ஒருத்தி வழியாக அது மருந்துக்கடை வைத்திருக்கும் நாத்தனாருக்குப் போய், கண் காது மூக்கு வைத்துக்கொண்டு மாமியாரிடம் வந்து சேர்ந்தது. என்ன கேள்வி என்று விசாரிக்க நாத்தனாருக்கோ அவள் அண்ணனுக்கோ தோன்றவில்லை. அவமானத்தில் மாமியாரும் சொல்லவில்லை.

அன்று நாத்தனார் நேரிலேயே வந்துவிட்டாள்.

"தப்புன்னு தெரிஞ்சும் தலையாட்டியிருக்கீங்க அண்ணி... அம்மாவைப் பார்த்து ஊரே சிரிக்கிற மாதிரி பண்ணிட்டீங்களே."

"அத்தையைப் பார்த்து யாரும் சிரிக்கலம்மா. என்கூடப் படிக்கிற டீச்சருங்கள்ல பாதிப் பேர் அதே பதிலைத்தான் எழுதியிருந்தாங்க. தங்களை நெனச்சுத்தான் சிரிச்சாங்க. எல்லார் பதிலும் வாங்கி முடிச்சதும் நானே அத்தைக்கு விளக்கணும்னு இருந்தேன்..."

"படிச்சவங்க அப்படி எழுதுவாங்களா? யார் காதுல பூ சுத்தறே?" என்றார் மாமியார், சுவரைப் பார்த்து.

இஞ்சினியரான கணவன் பெருமூச்சு விட்டான். "ஒரு படிப்புக்காக அம்மா மனசை நோகடிக்கணுமா?"

இரண்டு வருடமாக எல்லோருக்கும் சமைத்து வைத்துவிட்டு வகுப்புக்கு ஓடிய ஓட்டம் அவள் கண்முன் வந்தது. "வேண்டாங்க. நாளைக்கே பேரை வெட்டச் சொல்லிடறேன். அத்தையைவிட எனக்குப் படிப்பு பெருசில்ல..." அதற்கு மேல் முடியாமல் அறைக்குள் போய்விட்டாள்.

ஜெயித்த சந்தோஷம் மாமியார் முகத்தில் இல்லை. பிறகு எழுந்துபோய் ஃபிரிட்ஜைத் திறந்து, இரண்டு பனிக்கட்டிகளை இரண்டு தட்டில் வைத்தார். ஒன்றைத் தன் கம்பளிச் சால்வையில் சுற்றினார்.

"எதுடா முதல்ல உருகும்?"

"இதுக்கு ஒரு இஞ்சினியரா? சால்வைக்குள்ள இருக்கிறதுதான்மா."

"அப்புறம்?"

"போர்த்தினா சூடு ஏறும். சின்னப் பிள்ளைக்கே தெரியும்" என்றாள் நாத்தனார்.

"அப்புறம்?" என்றார் மாமியார், முகத்தில் எதையும் காட்டாமல்.

அறைக்குள் மருமகள் அழுகையை நிறுத்தினாள். இரண்டு வருடம் பயின்றும் அந்த "அப்புறம்" அவளுக்கு இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை.

வெளியே வைத்த கட்டி தண்ணீராகித் தட்டில் பரவியது. மாமியார் சால்வையைப் பிரித்தார். உள்ளே இருந்த கட்டி முக்கால்வாசி அப்படியே இருந்தது. அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துத் திருதிருவென விழித்தார்கள்.

மாமியார் அறைக்குப் போய் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உன் டீச்சருங்களும் இப்படித்தான் முழிச்சாங்களா?"

"ஆமா அத்தை..."

"நான் ஒருத்திதான் மக்குன்னு நெனச்சு இத்தனை நாள் தூக்கமே இல்லடி." அவர் குரல் தழுதழுத்தது. "இந்த வீட்டுல அரைமணி நேரம் குறுக்கே பேசாம என் பேச்சைக் கேட்டது நீ ஒருத்திதான். உன்னைப் போய் அழ வச்சுட்டேன். பேரை வெட்டறதாவது... வெளியில ரெண்டு பேர் பதில் சொல்லியிருக்காங்க, போய் அதையும் பதிவு பண்ணு."

அவள் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். மனசு லேசாகிப் போனது.

கணவன் அறை வாசலில் வந்து நின்றான். "அது ஏன் உருகலைன்னு யாராவது சொல்லுங்களேன்."

"ஆய்வு முடியற வரைக்கும் சொல்லக் கூடாதுடா" என்று மாமியார் கதவைச் சாத்தினார். பிறகு மருமகளிடம் தலையைச் சாய்த்தார்.

"எனக்கு மட்டும் காதோட சொல்லு."