வெட்டி எடுத்த சத்தம்

அக்கா மகள் ஸ்டுடியோவுக்கு வந்தபோது காலை மணி பத்தரை. மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கினாள். தோளில் பை, கையில் தண்ணீர்ப் பாட்டில், முகத்தில் முதல் நாள் வேலைக்கு வந்தவளின் அசட்டுச் சிரிப்பு.

"பயமா இருக்கு மாமா."

"பேய்ப் படத்துக்குக் குரல் குடுக்க வந்தவ பயப்படாம இருந்தாத்தான் தப்பு," என்றேன்.

எனக்கு நன்றாகப் பேச வரும். உண்மை ஒன்றைத் தவிர.

நான் ஒலிப்பதிவாளன். கிழக்காசியப் பேய்ப் படங்களை நம் மொழியில் பேசவைப்பதுதான் எங்கள் பிழைப்பு. அந்தப் படங்களில் பேய் கத்திக்கொண்டு பாயாது. முடி முகத்தை மறைக்க ஒரு மூலையில் நிற்கும். நாம் திரும்பிப் பார்க்கும்வரை சும்மா நிற்கும். பூசாரி வந்து விரட்ட முடியாது. அப்பாடா, எல்லாம் தீர்ந்தது என்று நினைக்கும்போது, தீரவில்லை என்று காட்டிவிட்டுப் படம் முடியும். இதைப் பார்க்க ஏன் இப்படி முண்டியடிக்கிறார்கள் என்று அக்காவிடம் ஒருமுறை கேட்டேன். அப்போது எங்களிடம் பேய்க்கெல்லாம் குரல் அவள்தான்.

"எந்தப் படத்தை வேணாலும் எடுத்துக்கோ," என்றாள். "கொன்னவன் ஒருத்தன் இருப்பான். பக்கத்துலயே இருந்தும் கவனிக்காம விட்டவன் இன்னொருத்தன் இருப்பான். பேய் அவனத்தான் தேடி வரும். எல்லாருமே யாரையோ கவனிக்காம விட்டவங்கதானேடா. அதான் உள்ளுக்குள்ள சுருக்குங்குது. அதான் திரும்பத் திரும்பப் பாக்குறாங்க."

அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன்.

நான்கு வருடங்களுக்கு முன்னால் ஒரு மத்தியானம். படத்தில் அலமாரிக்குள் பூட்டப்பட்ட மருமகள் மூச்சு முட்டிச் சாகிற காட்சி. வசனம் கிடையாது, வெறும் மூச்சுதான். அக்காவுக்கு ஆஸ்துமா உண்டு. மூச்சு மருந்து அவள் பையில் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பேசும் அறைக்குள் பை, வளையல், சத்தம் போடும் எதுவும் கூடாது என்பது என் சட்டம். பையை வெளியே வைக்கச் சொன்னேன்.

இன்னொரு வழக்கமும் எங்களுக்குண்டு. அலறுகிற காட்சியில் 'நிறுத்து' என்பதே வசனமாக இருக்கலாம். அதனால் நிஜமாகவே நிறுத்த வேண்டுமென்றால் வசனத்தாள் வைக்கும் பலகையில் விரலால் இரண்டு தட்டு தட்ட வேண்டும். எனக்கு இன்னொரு டேக் வேண்டுமென்றால் குனிந்த தலை நிமிராமல் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவேன்.

அன்று மூச்சு அற்புதமாக வந்தது. நான் திரையில் ஓடிய ஒலி அலைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவே இரண்டு தட்டல். முழங்கை பட்டிருக்கும் என்று எரிச்சல் வந்தது. விரலைத் தூக்கினேன், இன்னொன்று.

மறுபடி இரண்டு தட்டல். விரலை இறக்கவில்லை.

நான் நிமிர்ந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரும் நிற்கவில்லை.

டேக் முடிந்து வெளியே வந்தவள் திடீரென்று விழுந்துவிட்டாள் என்று எல்லோரிடமும் சொன்னேன். அவளை எரித்துவிட்டு வந்த மூன்றாம் நாள் ஒலிப்பதிவுக் கன்சோல் முன்னால் உட்கார்ந்து அந்த நான்கு தட்டல்களையும் வெட்டி எடுத்தேன். மிச்சமிருந்த மூச்சைப் படத்தில் வைத்தேன். வேறு டேக் இல்லை என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். அவ்வளவு நன்றாக இருந்தது, விட மனமில்லை. தியேட்டரில் அந்தக் காட்சிக்கு ஜனங்கள் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்குப் பெயர் வந்தது.

அக்கா மகளுக்கு என்னை விட்டால் யாருமில்லை. எனக்கும் அவளை விட்டால் யாருமில்லை. அம்மாவின் குரலைக் கேட்பதற்காகவே அந்தப் படத்தைக் கணக்கில்லாமல் பார்த்தவள். "அந்த சீன்ல அம்மா பின்னிட்டாங்க மாமா," என்பாள். நான் தலையாட்டுவேன். இன்று அதன் இரண்டாம் பாகத்துக்கு அவளே பேச வந்திருந்தாள்.

பையை என் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கனமான கதவு சாத்திக்கொண்டது. விசும்பலை ஆரம்பித்தாள்.

இரண்டு தட்டல்.

உடனே நிறுத்தினேன். இப்போதெல்லாம் திரையைப் பார்ப்பதில்லை, கண்ணாடியைத்தான் பார்க்கிறேன். அவள் இரண்டு கைகளும் ஹெட்போனைப் பிடித்திருந்தன.

"ஏம்மா தட்டினே?"

"நான் தட்டலையே."

அடுத்த டேக். மறுபடி இரண்டு தட்டல். அவள் ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினாள்.

"எனக்கும் கேக்குது மாமா. அம்மா இப்பிடித்தான் தட்டுவாங்க. நான் டிவிய சத்தமா வச்சாக்கூட சுவத்துல ரெண்டு தட்டு, அவ்வளவுதான்." பலகையைப் பார்த்தாள். "அன்னிக்கி அம்மா தட்டினாங்களா?"

"இல்ல."

நாலு வருடப் பழக்கம். தடுமாறாமல் வந்தது.

ஸ்பீக்கரில் இரண்டு தட்டல் கேட்டது. 'இல்ல' என்றதுமே அவள் மைக்கை நான் அணைத்திருந்தேன்.

அவள் கண்ணாடி வழியே என் முகத்தைப் பார்த்தாள். என்ன பார்த்தாளோ, தாளைப் பலகையில் வைத்துவிட்டு வெளியே வந்து, பையைக்கூட எடுக்காமல் படியிறங்கிவிட்டாள்.

தட்டல் நிற்கவில்லை. இரண்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி இரண்டு.

நான்கு வருடங்களுக்கு முன்னால் செய்திருக்க வேண்டியதை அப்போது செய்தேன். எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.

உள்ளே யாருமில்லை. ஸ்பாஞ்சும் பழைய கார்ப்பெட்டும் நாறுகிற அறையில் அக்காவின் மூச்சு மருந்து நெடி மட்டும் இருந்தது.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

கைப்பிடி அசையவில்லை. மேலே பதிவாகிறது என்று சொல்லும் சிவப்பு விளக்கு எரிந்தது. நெஞ்சுக்குள் யாரோ துணியை அடைத்த மாதிரி இருந்தது. பலகையைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தேன்.

என் நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தலையில் ஹெட்போன். முடி முன்னால் விழுந்து முகத்தை மறைத்திருந்தது. குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு முறை தட்டினேன்.

நிமிரவில்லை.

மறுபடி தட்டினேன்.

தலை குனிந்தபடியே, மெதுவாக, ஒரு விரல் உயர்ந்தது.

பிறகு தெரிந்தது கதவு திறந்த வெளிச்சம். பையை எடுக்கத் திரும்பி வந்த அக்கா மகள் என்னைத் தரையில் பார்த்தாள். தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து என் கையில் கொடுத்தாள். அவ்வளவு பாசம் இன்னும் இருந்தது அவளிடம்.

"அம்மாவுக்குக் கதவத் தொறக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு மாமா?"

பதிலுக்கு நிற்கவில்லை. பையை மாட்டிக்கொண்டு போனாள். இனி வரமாட்டாள்.

நாற்காலி காலியாக இருந்தது. திரையில் புதிதாக ஒரு பதிவு, நான்கு நிமிடம் பத்து விநாடி. ஓடவிட்டேன். என் மூச்சு. இழுத்து, திணறி, கெஞ்சுகிற மூச்சு. இருபது வருடத்தில் இவ்வளவு நல்ல டேக் நான் பதிவு செய்ததில்லை.

என் தட்டல்கள் அதில் இல்லை. அவை இருந்த இடத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன். வெட்டிய அடையாளமே தெரியாமல் அவ்வளவு சுத்தமாக ஒட்டியிருந்தது.

பதிவுக்குப் பெயரும் வைக்கப்பட்டிருந்தது: டேக் ஒன்று.