மடத்துப் பொன்

காசு அடிக்க வெட்டி வைத்திருந்த பொன் வில்லை வெதுவெதுப்பாக இருந்தது. ரைன் ஆற்றின் ஓரம் உறைந்து, சம்மட்டியின் இரும்பு விரலில் ஒட்டிக்கொள்ளும் குளிரில், இரவெல்லாம் கல்தரையில் கிடந்த வில்லை அது. விகாண்ட் அதை அச்சின் மேல் வைத்தான். முப்பது வருடமாக இதே வேலை. தோள்பட்டை தேய்ந்துவிட்டது, எதையும் யோசிக்கத் தெம்பில்லை.

அடித்தான்.

மழுங்கலாக ஒரு சத்தம். அதையடுத்து, களைத்துப்போன யாரோ படுக்கையில் சாய்ந்ததும் விடுகிற பெருமூச்சு.

அவன் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் குல்டன் என்ற பொற்காசு கெட்டி மஞ்சளாக இருந்தது. ஆற்றோரத்துப் பிரபுக்கள் நாலு பேர், எல்லோர் காசும் ஒரே எடை, ஒரே மாற்று என்று ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். பிறகு சண்டைகள் வந்தன. சண்டைக்குச் சண்டை வெள்ளியும் செம்பும் கூடி, காசில் உருவமாக நிற்கும் புனிதர் திருமுழுக்கு யோவான் நோயாளிபோல் வெளிறிப்போனார். இப்போது அதற்கும் பொன் இல்லை. நேற்று உருக்கியது கன்னியர் மடத்திலிருந்து பிடுங்கி வந்த பொற்பேழை. உள்ளே இருந்த புனிதையின் எலும்புகளை வெளியே எடுக்கக்கூட யாருக்கும் பொறுமை இல்லை.

மதியம் மேற்பார்வையாளர் ருப்ரெக்ட் பீர் வாடையோடு வந்தார்.

"ஐயா, இந்தப் பொன்னு சரியில்ல. சூடு அடங்கவே மாட்டேங்குது. மூச்சு விடுது."

"உனக்குத்தான் மூச்சு வாங்குது, கிழவா. அடி. படகு காத்துக்கிட்டு நிக்குது."

"மடத்துக்கே திருப்பிக் குடுத்துடலாம்."

"குடுத்துட்டு? படைக்காரனுக்குக் கூலியா உன் பல்லைப் புடுங்கிக் குடுக்கவா?"

சாளரத்தில் வெளிச்சம் சாம்பலானது. கரிப்புகையோடு மெழுகுத்திரி வாடையும், மூடிய அறையில் வெகுநாள் படுத்திருந்தவரின் வாடையும் கலந்து வந்தன. விகாண்ட் சம்மட்டியை நிறுத்தினான். பெருமூச்சு நிற்கவில்லை. தட்டில் குவிந்திருந்த காசுகள் மெல்ல மேலெழுந்தன. தாழ்ந்தன. மறுபடி எழுந்தன.

பயத்துக்கு முன்னால் அவனுக்குப் பொறாமைதான் வந்தது. எவ்வளவு அயர்ந்த தூக்கம்.

"ஏன் நிறுத்திட்ட?" ருப்ரெக்ட் மறுபடி உள்ளே வந்தார்.

"சத்தம் போடாதீங்க ஐயா. தூங்குறாங்க."

"யாரு?" சிரித்துக்கொண்டே குவியலுக்குள் கையை விட்டார். "வெறும் காசு. இந்தா பாரு..."

காசுகள் அசைவற்று நின்றன. மூச்சில்லை.

"விகாண்ட்." ருப்ரெக்ட் கையை வெளியே இழுத்துப் பார்த்தார். "உள்ள யாரோ என் கையைப் புடிச்சிருக்காங்க."

விகாண்ட் அவர் இடுப்பைக் கட்டி இழுத்தான். இழுத்தான். அவனுடைய தேய்ந்த தோள் விட்டுப்போயிற்று. பிடி நழுவியது.

தட்டின் ஆழம் நாலு விரல். ருப்ரெக்டின் கை முழங்கைவரை உள்ளே போயிருந்தது.

பிறகு தோள்வரை.

அவர் கன்னம் காசுகளில் அழுந்த, குவியல் மறுபடி மெல்ல மூச்சுவிடத் தொடங்கியது.